ஒரு ஸ்டேஷன், இரண்டு நகராட்சி: சேர்ந்து திட்டம் போடுவது எப்படி

மொரீசியஸில் இருக்கிற எங்கள் ஊர்ப்பக்கத்து காத்ர் போர்ன் என்றால் நான்கு எல்லைக்கல் என்று அர்த்தம். பாசேன், லா லூயிஸ், பால்மா, போ செஜூர் என்ற நான்கு தோட்டங்கள் முட்டிக்கொண்ட இடம் அது, கல்லின் பெயரே ஊருக்கு நின்றுவிட்டது. தோட்டங்கள் போய்விட்டன, கல்லும் போய்விட்டது, எல்லை மட்டும் போகவில்லை. தீவின் இந்த மேட்டுப் பகுதியில் ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரரால் கண்டுபிடிக்கவே முடியாது. போ பாசேன்–ரோஸ் ஹில், காத்ர் போர்ன், வாக்வா–ஃபீனிக்ஸ், கியூர்பிப் என்று நான்கு நகராட்சிகள், ஏறக்குறைய மூன்றரை லட்சம் பேர், ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு இருக்கிறோம்.

இந்த ஊர்களை ஒரே நூலில் கோத்தது அந்தக் காலத்து ரயில்தான். 1864-ல் தீவில் ரயில் வந்தது, 1956-ல் பயணிகள் ரயில் நின்றது, அப்புறம் தண்டவாளத்தையும் எடுத்துவிட்டார்கள். அந்தப் பழைய தடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டுதான் இப்போதைய மெட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற டிராம் ஓடுகிறது. 2019 கடைசியில் ரோஸ் ஹில்லுக்கும் தலைநகர் போர்ட் லூயிஸுக்கும் இடையே தொடங்கியது, 2022 அக்டோபரில் கியூர்பிப் வரை வந்தது, 2023-ல் எபென் வழியாக ரெதுயிக்கு ஒரு கிளையும் போனது. போர்ட் லூயிஸிலிருந்து கியூர்பிப் வரை சுமார் 26 கிலோமீட்டர், அதற்குள் தீவின் ஐந்து நகராட்சிகளும் வந்துவிடுகின்றன. டிராமுக்கு எல்லை தெரியாது. ஸ்டேஷனைச் சுற்றி எது வளரும், எது வளராது என்பதை முடிவு செய்கிறவர்களுக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

என் வீட்டு விஷயத்தைச் சொல்கிறேன். ஸ்டேஷனில் இறங்கி மாமியார் வீட்டுக்கு நடந்தால் பன்னிரண்டு நிமிஷம். பாதி வழி வரை நல்ல நடைபாதை, விளக்கு எல்லாம் உண்டு. அப்புறம் ஒரு மாமரம். அந்த மரத்தோடு நடைபாதையும் முடிந்தது, வெளிச்சமும் முடிந்தது. இரண்டு பக்கத்து அலுவலகங்களிலும் போய்க் கேட்டேன், எந்த ஊர் என்று எழுதமாட்டேன், ஓரிடத்தில் "அது அவங்க பக்கம்" என்றார்கள், இன்னொரு இடத்தில் "மோ பா கொனே" என்று தோளைக் குலுக்கினார்கள். எனக்குத் தெரியாது என்பதைக் கிரியோலில் சொன்னால் ஏனோ இன்னும் உறுதியாகக் கேட்கிறது. அந்த மாமரத்தடியில் நின்றுதான், எல்லையில் இருக்கிற ஒரு ஸ்டேஷனுக்கு இரண்டு நகராட்சிகள் சேர்ந்து எப்படித் திட்டம் போடலாம் என்று படிக்க ஆரம்பித்தேன். நீங்கள் நகராட்சி உறுப்பினரோ, பேட்டைச் சங்கமோ, கடைக்காரரோ, கோவில் கமிட்டியோ, யாராக இருந்தாலும் கீழே உள்ளதைப் பயன்படுத்தலாம்.

முதல் படி: வட்டம் போடுங்கள், அப்புறம் அதை அழியுங்கள்

உலகம் முழுக்க ஸ்டேஷன் திட்டம் போடுகிறவர்கள் முதலில் செய்வது, ஸ்டேஷனை நடுவில் வைத்து 400 மீட்டருக்கு ஒரு வட்டம், 800 மீட்டருக்கு ஒரு வட்டம். நிமிஷத்துக்கு 80 மீட்டர் நடக்கலாம் என்பது கணக்கு, ஆக ஐந்து நிமிஷ வட்டம், பத்து நிமிஷ வட்டம். பெரிய வட்டத்துக்குள் ஏறக்குறைய 200 ஹெக்டேர் நிலம் வரும், நம் ஊர்க் கணக்கில் 470 அர்பானுக்கு மேல். ரோஸ் ஹில்லுக்கும் காத்ர் போர்னுக்கும் நடுவில் இருக்கிற பெல் ரோஸ் மாதிரி ஒரு ஸ்டேஷனை எடுத்து இப்படி வட்டம் போட்டுப் பாருங்கள், அது ஒரே நகராட்சிக்குள் அடங்குகிறதா என்று.

ஆனால் வட்டம் பொய் சொல்லும். காக்கை பறக்கிற தூரம் வேறு, அம்மா குடையும் பையுமாக நடக்கிற தூரம் வேறு. நடுவில் ஓடை இருக்கும், கேட் இல்லாத நீளமான மதில் இருக்கும், கடக்க முடியாத பெரிய சாலை இருக்கும். காகிதத்தில் 600 மீட்டர் என்று இருப்பது காலுக்கு 900 மீட்டராகிவிடும். கியூர்பிப் பக்கம் மழை வேறு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் ஸ்டேஷன் வாசலில் இருந்து எல்லாத் திசையிலும் பத்து நிமிஷம் உண்மையிலேயே நடந்து, கால் நின்ற இடங்களை எல்லாம் புள்ளி வைத்துச் சேருங்கள். வருவது வட்டமாக இருக்காது, கோணல்மாணலாக, பிய்ந்த சப்பாத்தி மாதிரி இருக்கும். அதுதான் உங்கள் திட்டப் பகுதி. அதன்மேல் நகராட்சி எல்லைக் கோட்டை வேறு நிறத்தில் வரையுங்கள். கோடு எந்தத் தெருவை வெட்டுகிறது, எந்த வீட்டுக் கொல்லைக்குள் போகிறது, எங்கே நடைபாதை நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். இரண்டு பக்கத்து அதிகாரிகளும் சேர்ந்து நடக்க வேண்டும், பகலில் ஒரு தடவை, இரவு ஏழு மணிக்கு ஒரு தடவை. இரவு நடையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் படி: சாவி யார் கையில்

இங்கேதான் பலருக்கு ஏமாற்றம் வரும். இரண்டு மேயர்களும் கைகுலுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்போம், ஆனால் ஸ்டேஷனைச் சுற்றி இருக்கிற கதவுகளில் பாதிக்குமேல் நகராட்சி கையில் சாவியே கிடையாது.

கட்டட அனுமதி நகராட்சி தருவது. சின்னத் தெருக்கள், தெருவிளக்கு, குப்பை, சந்தை, இவையும் நகராட்சிதான். பெரிய சாலை என்றால் ரோடு டெவலப்மென்ட் அதாரிட்டி. சிக்னலும் பாதசாரிக் கோடும் போக்குவரத்து மேலாண்மைப் பிரிவு. பஸ், டாக்சி உரிமம் நேஷனல் லேண்ட் டிரான்ஸ்போர்ட் அதாரிட்டி. மழைநீர் வடிகாலுக்கு லேண்ட் டிரெய்னேஜ் அதாரிட்டி, சாக்கடைக்கு வேறு அமைப்பு, குடிநீருக்கு வேறு, மின்சாரத்துக்கு வேறு. ஸ்டேஷனையும் தடத்தையும் நடத்துவது அரசுக்குச் சொந்தமான மெட்ரோ நிறுவனம். எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று சொல்கிற அவுட்லைன் பிளானிங் ஸ்கீம், அமைச்சகத்தின் ஒப்புதல் இல்லாமல் நகராது, அதன் வேர் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது.

ஆகவே இரண்டு நகராட்சி மட்டும் உட்கார்ந்தால் தேநீர்தான் குடிக்க முடியும். ஒரு அட்டவணை போடுங்கள்: வேலை, சாவி வைத்திருப்பவர், அந்த அலுவலகத்தில் கையெழுத்துப் போடக்கூடிய பதவி. பெயர் வேண்டாம், பெயர் மாறும், பதவி மாறாது. கோவிலில் ஏழு கறி விருந்துக்கு யார் பூசணிக்காய், யார் ரசம், யார் இலை கழுவுவது என்று முன்னாலேயே பிரித்துக்கொள்கிறோம் அல்லவா, அதைவிடப் பெரிய கலை ஒன்றும் இதில் இல்லை, ஆனால் கோவில் கமிட்டி செய்கிற அளவுக்குக்கூட அலுவலகங்கள் செய்வதில்லை.

மூன்றாம் படி: வரைபடத்துக்கு முன்னால் ஒப்பந்தம்

அழகான படம் வரைந்து, மரம் நிழல் குழந்தை பலூன் எல்லாம் போட்டு, கடைசியில் "யார் செய்வது" என்று கேட்பதுதான் வழக்கம். தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் நான்கைந்து பக்கத்தில் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம். அதில் திட்டப் பகுதியின் எல்லை, கூட்டுக் குழுவில் யார் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை கூடுவது, ஒருவர் பக்கத்தில் பெரிய கட்டட விண்ணப்பம் வந்தால் மற்றவருக்கு எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும், கருத்து வேறுபாடு வந்தால் யாரிடம் போவது, இவ்வளவும் இருக்க வேண்டும். இந்த "மற்றவருக்கு அனுப்புவது" என்ற ஒரு வரி மட்டும் நடந்தாலே பாதிச் சண்டை குறையும், ஏனென்றால் பக்கத்து ஊரில் ஆறு மாடி எழும்புவதை நாம் பெரும்பாலும் கிரேன் வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறோம்.

அரசியல்வாதிகளை மட்டும் நம்பிக் குழு அமைக்காதீர்கள். நம் ஊரில் நகராட்சித் தேர்தல் 2015 ஜூனில் நடந்தது, அப்புறம் தள்ளித் தள்ளிப் போய் 2025 மே மாதத்தில்தான் மறுபடி நடந்தது. பத்து வருஷம் அதே சபை, பிறகு ஒரே நாளில் முகங்கள் மாறின. நிரந்தர அதிகாரிகள், அதாவது தலைமை நிர்வாகி, திட்டமிடல் பிரிவுத் தலைவர், பொறியாளர், இவர்கள் பதவி வழியில் குழுவில் இருந்தால்தான் அடுத்த சபை வரும்போது கோப்பு அலமாரிக்குள் போகாது.

பார்த்துப் படிக்க உதாரணம் வேண்டுமென்றால் இரண்டு சொல்கிறேன். அமெரிக்காவில் டென்வரும் லேக்வுட்டும் பக்கத்துப் பக்கத்து நகரங்கள், ஷெரிடன் பொலிவார்டு என்ற சாலைதான் எல்லை. 2013 ஏப்ரலில் திறந்த டபிள்யூ லைன் என்ற ரயில் தடத்தின் ஷெரிடன் ஸ்டேஷன் அந்த எல்லையிலேயே உட்கார்ந்திருக்கிறது, அதுவும் சாலை மட்டத்துக்குக் கீழே, பள்ளத்தில். அன்றாடத் தேவை எல்லாம் இருபது நிமிஷ நடைக்குள் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை வைத்து இரு நகரங்களும் அந்த ஸ்டேஷனுக்குச் சேர்ந்தே திட்டம் போட்டன. இன்னொன்று, அதே அமெரிக்காவின் மேரிலேண்ட் மாநிலத்தில் பர்ப்பிள் லைன் என்ற டிராம் தடம். இரண்டு கவுன்டிகள், அதாவது மாவட்டம் மாதிரி, அவற்றின் வழியாகப் போகிறது, நீளம் கிட்டத்தட்ட நம் மெட்ரோ அளவுதான், 26 கிலோமீட்டர். அங்கே டிராம் ஓடுவதற்கு வெகுமுன்பே, 2017-ல், வீட்டு வாடகை, சின்னக் கடைகள், உள்ளூர் ஆட்களுக்கு வேலை ஆகியவை பற்றிக் கவுன்டிகளும் பல்கலைக்கழகமும் சமூக அமைப்புகளும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். நமக்குத் தடம் வந்துவிட்டது, உடன்படிக்கைதான் வரவில்லை.

நான்காம் படி: காசு

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் எல்லாக் கூட்டும் உடைவது இங்கேதான்.

நம் நகராட்சிகள் பெரும்பாலும் மத்திய அரசு தருகிற மானியத்தில்தான் வண்டி ஓட்டுகின்றன. அதனால் அனுமதிக் கட்டணம், வியாபாரக் கட்டணம் எதுவாக இருந்தாலும் தன் பக்கமே வர வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஆசை இருக்கும். இப்போது ஒரு நிலைமையை யோசியுங்கள். எல்லையின் இந்தப் பக்கம் ஒரு பெரிய கடை வளாகம் வருகிறது, கட்டணம் எல்லாம் இந்த நகராட்சிக்கு. அதற்கு வருகிற லாரியும் காரும் போவது அந்த நகராட்சியின் சின்னத் தெருவில், தார் பெயர்வது அங்கே, குப்பை சேர்வது அங்கே. அந்தப் பக்கம் "நாங்கள் என்ன உங்கள் கொல்லைப்புறமா" என்று கேட்காமல் வேறு என்ன கேட்கும்?

வழி ஒன்றுதான், திட்டப் பகுதிக்குள் வருகிற புதிய வருமானத்தில் ஒரு பங்கைப் பொதுப் பெட்டியில் போடுவது. பங்கு எவ்வளவு என்பது பேசித் தீர்க்க வேண்டியது, ஆனால் எதை வைத்துப் பிரிப்பது என்பதில் என் கருத்தைச் சொல்கிறேன். மக்கள் தொகையை வைத்துப் பிரிக்காதீர்கள். ஊர் முழுக்க இருக்கிற ஜனத்தொகைக்கும் இந்த ஸ்டேஷனுக்கும் சம்பந்தமில்லை, பெரிய ஊர் எப்போதும் ஜெயிக்கும், சின்ன ஊர் முதல் வருஷமே வெளியே போய்விடும். தெரு நீளம், புதிதாக எழும்புகிற தளப்பரப்பு, எந்தப் பக்கத்து வாசல் வழியாக எத்தனை பேர் ஸ்டேஷனுக்கு வருகிறார்கள், இந்த மூன்றையும் எண்ணலாம், எண்ணியதை யாரும் மறுக்க முடியாது. கணக்குக்குச் சொன்னால், 600 மீட்டர் நடைபாதையில் 420 மீட்டர் ஒருவர் பக்கம், 180 மீட்டர் மற்றவர் பக்கம் என்றால், கட்டுகிற செலவு எழுபதுக்கு முப்பது. ஆனால் அந்த வழியில் நடக்கிறவர்களில் பெரும்பகுதி அந்த 180 மீட்டர்காரர்கள் ஊரிலிருந்து வருகிறவர்கள் என்றால் எழுபது கொடுக்கிறவருக்கு எரிச்சல் வரும், நியாயம்தான். அதனால்தான் ஒரே அளவுகோல் போதாது.

இன்னொன்று, கட்டுகிற காசைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், பராமரிக்கிற காசைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். என்னைக் கேட்டால், பெட்டியில் விழுகிற காசில் ஒரு பகுதி விளக்கு மாற்றவும் கல் பதிக்கவும் மட்டும் என்று ஒப்பந்தத்திலேயே பூட்டி வைக்கச் சொல்வேன். "நு பு கெதே", பார்க்கலாம் என்று விட்டால் பார்க்கவே மாட்டார்கள்.

ஐந்தாம் படி: இரண்டு பக்கமும் ஒரே விதி

எல்லைக்கு இந்தப் பக்கம் ஆறு மாடி, அந்தப் பக்கம் இரண்டு மாடிதான் என்றால் கட்டுகிறவர்கள் எங்கே போவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. கார் நிறுத்த இடம் விஷயமும் அப்படியே. ஸ்டேஷன் வாசலில் வீடு கட்டுகிறவரிடம் ஒவ்வொரு வீட்டுக்கும் கார் இடம் கேட்டால் தரைத்தளம் முழுக்க கராஜ் ஆகிவிடும், கடை வராது, தெரு செத்துப்போகும். குறைந்தபட்சம் இத்தனை என்று சொல்வதை விட்டு அதிகபட்சம் இத்தனை என்று சொல்ல வேண்டும், அதுவும் இரண்டு நகராட்சியும் ஒரே நாளில். ஒருவர் தளர்த்தி மற்றவர் இறுக்கினால் போட்டி வந்துவிடும். உயரம், கார் இடம், தரைத்தளத்தில் கடை, தெருவிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டுவது, இந்த நான்கையும் ஒரே வாசகத்தில் எழுதி, இரண்டு ஸ்கீமிலும் ஒரே சமயத்தில் திருத்தம் கேளுங்கள்.

ஆறாம் படி: தண்ணீர் எந்த வழியில் போகும்

2013 மார்ச் 30-ஆம் தேதியை மறக்க முடியுமா? கொஞ்ச நேர மழையில் போர்ட் லூயிஸில் பதினொரு பேர் போய்விட்டார்கள். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது அதே நகரத்தில் கார்கள் மிதந்ததைப் பார்த்தோம். ஸ்டேஷனைச் சுற்றி கான்கிரீட் கூடக்கூட மண் குடிக்கிற தண்ணீர் குறையும், மேட்டில் இருக்கிற ஊர் கட்டும், பள்ளத்தில் இருக்கிற ஊர் நனையும். அதனால் வடிகால் வரைபடம் நகராட்சி எல்லையில் நிற்கக் கூடாது, தண்ணீர் போய்ச் சேர்கிற ஆறு வரை போக வேண்டும். மேட்டுப்பக்கத்தில் ஒரு பெரிய கட்டடம் வந்தால் தன் மழைநீரைத் தன் நிலத்திலேயே கொஞ்ச நேரம் பிடித்து வைக்க வேண்டும் என்பதைப் பொது விதியில் சேர்த்துவிடுங்கள்.

ஏழாம் படி: ஏற்கெனவே இருக்கிறவர்கள்

2017-ல் மெட்ரோவுக்காக போர்ட் லூயிஸின் லா பியூட்டில் வீடுகள் இடிபட்டது பலருக்கு இன்னும் நினைவில் இருக்கும். தடம் போடும்போது நடந்தது அது, தடத்தைச் சுற்றி வளர்ச்சி வரும்போது நடப்பது சத்தமில்லாமல் நடக்கும். வாடகை ஏறும், மூலைக்கடை டாபாஜி மூடும், ஒருநாள் பார்த்தால் தெருவில் தெரிந்த முகமே இருக்காது.

இங்கே நிலத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிரெஞ்சு வழிச் சட்டம் நமக்கு, தாத்தா பெயரில் இருக்கிற இருபது பெர்ச் நிலத்துக்கு பதினேழு வாரிசு, நான்கு பேர் பிரான்சில், இரண்டு பேர் ஆஸ்திரேலியாவில், பங்கு பிரிக்காமல் அப்படியே கிடக்கும். திட்டப் பகுதிக்குள் இப்படி எத்தனை மனை இருக்கிறது என்று முதல் வருஷமே கணக்கெடுத்துவிடுங்கள், நோட்டரி உதவியோடு பிரித்துக்கொள்ள அந்தக் குடும்பங்களுக்கு வழி காட்டுங்கள். இல்லையென்றால் ஸ்டேஷனுக்கு நேர் எதிரில் புதர் மண்டிய மனை இருக்கும், வளர்ச்சி அதைத் தாண்டிப் போய் வேறு யாருடைய வீட்டையோ இடிக்கும்.

கூட்டம் போடும்போது இரண்டு ஊரிலும் தனித்தனியாகப் போடாதீர்கள். ஒரே கூட்டம், எல்லைக்குப் பக்கத்தில், கிரியோலில். தமிழிலும் இந்தியிலும் மண்டாரினிலும் துண்டறிக்கை அச்சடிப்பது நம் மனசுக்கு இதமாக இருக்கும், ஆனால் பாட்டி கேள்வி கேட்பது கிரியோலில்தான்.

எட்டாம் படி: சாதாரண நாள், திருநாள்

பஸ் நேரம் டிராம் நேரத்தோடு சேர வேண்டும், டாக்சி நிற்க இடம் வேண்டும், இதெல்லாம் தெரிந்த விஷயம், நீட்டவில்லை. ஆனால் திட்டக்காரர்கள் எப்போதும் சாதாரணச் செவ்வாய்க்கிழமையை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். காத்ர் போர்ன் சந்தை நாளில் துணி மூட்டையோடு எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று எண்ணுங்கள். தைப்பூசக் காவடி அன்று கோர் தே கார்த் மலையடியில் இருக்கிற முருகன் கோவிலுக்கு மஞ்சளும் ரோஜா நிறமுமாகக் கூட்டம் போகும், பாதி சாலை மூடியிருக்கும், சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அலகு குத்திக் காவடி எடுத்தவர் வெறுங்காலோடு நடக்கிற தெருவில் எந்தக் கல் பதிப்பது என்பதுகூட ஒரு திட்டமிடல் கேள்விதான், கறுப்புத் தார் நண்பகலில் எப்படிச் சுடும் என்று நடந்தவர்களைக் கேளுங்கள். அந்த ஒரு நாளைக்கு இரண்டு நகராட்சியும் ஒரே போக்குவரத்துத் திட்டம் போட்டுப் பார்க்கட்டும். வருஷம் முழுக்கச் சேர்ந்து வேலை செய்ய முடியுமா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

ஒன்பதாம் படி: எதை முதலில் கட்டுவது

அடுக்குமாடிக் கட்டடத்தை அல்ல. ஒப்பந்தம் கையெழுத்தான ஆறு மாதத்துக்குள் எல்லையைத் தாண்டிப் போகிற ஒரே ஒரு நடைபாதையை எடுத்து, ஒரே கல், ஒரே விளக்கு, ஒரே அகலம் என்று முழுசாக முடியுங்கள். சின்ன வேலைதான், ஆனால் இரண்டு பொறியாளர்கள், இரண்டு கணக்குப் பிரிவுகள், இரண்டு டெண்டர் முறைகள் ஒன்றாக உட்கார்ந்து செய்தாக வேண்டும், இழுபறி எங்கெங்கே வரும் என்பதெல்லாம் அதில் வெளியே வந்துவிடும். விளக்குக் கம்பம் ஒவ்வொன்றிலும் எண்ணும் ஒரே ஒரு தொலைபேசி எண்ணும் எழுதுங்கள், எந்த நகராட்சி என்று எழுத வேண்டாம். பல்பு போனால் கூப்பிடுகிறவருக்கு எல்லைக் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

மாமரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள், நடைபாதையை அதைச் சுற்றிக் கொண்டுபோகலாம். ஜனவரியில் நல்ல பழம் விழும்.